நரம்பு பிளாக்கில் கூடுதல் மருந்து: போட்டவர்களும் பார்த்தவர்களும் சொல்லுங்கள்

மேலூர் மயக்க மருத்துவர்:

தை வந்தால் எங்களுக்குக் கை முறிவு கேஸ் கூடும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து மூன்று நாள் ஜல்லிக்கட்டு. மாட்டோடு உருண்டவர்கள் முன்கை உடைந்து வருவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு வந்த ஆளுக்கு முழு மயக்கம் கொடுப்பதைவிட, காறை எலும்புக்கு மேலே ஸ்கேன் பார்த்து பிளாக் போடுவதுதான், அதாவது நரம்பருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைப்பதுதான், எனக்கு நிம்மதி.

சிக்கல் ராத்திரியில்தான். மரக்க வைக்கும் பியூபிவகைனை மட்டும் போட்டு மத்தியானம் ஆபரேஷன் முடித்தால், ஊர் தூங்கும் நேரத்தில் வலி திரும்பும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 4 மில்லிகிராம் சேர்த்தால் பெரும்பாலும் விடியும்வரை ஓடிவிடும். மலிவு, எந்த நர்சிங் ஹோமிலும் இருக்கும். ஆனாலும் இப்போது அதை நரம்பருகே போடுவதை விட்டுவிட்டு ஐ.வி.யிலேயே, அதாவது ரத்தக் குழாய் வழியாக, கொடுக்கிறேன். நேரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. நரம்பருகே போட அந்த மருந்துக்கு முறையான அனுமதி கிடையாது. மரக்க வைக்கும் இன்னொரு மருந்தான ரோபிவகைனோடு கலந்தால் சிரிஞ்சுக்குள்ளேயே படிகம் கட்டக்கூடும். எந்த வழியில் கொடுத்தாலும் சுகரை ஏற்றும் என்பதால் மறுநாள் சுகர் பார்க்கச் சொல்லி எழுதிவைப்பேன். நம்ம ஊரில் சர்க்கரை இல்லாத ஆளைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

மயக்கவியல் பி.ஜி. மாணவர்:

எங்கள் பக்கம் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்துதான் பேச்சு. பாதிப் பேருக்குத் தீசிஸே அதுதான்! ஒரு மாடுபிடி வீரருக்கு 50 மைக்ரோகிராம் சேர்த்தோம். பிளாக் சீக்கிரமே பிடித்தது. இயல்பிலேயே நாடி குறைவான உடம்பு, அரை மணியில் 44க்கு வந்து நின்றது. பிரஷர் இறங்காததால், நாடியை ஏற்றும் அட்ரோபினைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தோம், தேவைப்படவில்லை. அவரோ குறட்டை. வெளியே கொண்டுவந்ததும் அவர் அம்மா பிடித்துக்கொண்டார்: “கைய மட்டும்தான மரக்க வைக்கிறேன்னு சொன்னீங்க சார், புள்ள கண்ணே தொறக்கலையே?” மருந்து கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும், அந்தத் தூக்கம்தான்மா என்று சொன்னால் கேட்கவில்லை. தட்டி எழுப்பி, மகன் “என்னம்மா” என்ற பிறகுதான் நம்பினார்.

வார்டு சிஸ்டர்:

எத்தனை மணி நேரம் ஓடியது என்று டாக்டர்கள் கணக்குப் பார்க்கிறீர்கள். அந்த நேரமெல்லாம் பக்கத்தில் இருப்பது நாங்கள். பியூப்ரினார்பின் என்ற அபின் வகை வலி மருந்தைச் சேர்த்தால் வலி இருக்காது, சரி. ஆனால் வாந்திக்குப் பேசின் பிடித்தே விடிந்த இரவுகள் உண்டு. மரத்த கை கட்டிலுக்கு வெளியே தொங்கும், சுடு காபி கொட்டினாலும் தெரியாது. ஒரு தாத்தா விடியற்காலையில் “என் கை செத்துப்போச்சா தாயி?” என்று அழுதார். மறுநாள்வரை அசையாது என்று யாருமே அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம், மாவுக்கட்டு இறுகினாலோ உள்ளே வீங்கி அழுத்தினாலோ வலிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதை அணைத்து வைத்திருக்கும்போது விரல் நிறம், வீக்கம், சூடு எல்லாவற்றையும் நாங்கள்தான் மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி வருபவர்களுக்கு நீண்ட பிளாக்கே வேண்டாம் என்பார் எங்கள் எலும்பு டாக்டர். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

கண் மருத்துவர், மதுரை:

கண் பக்கம் கதை வேறு. புரை ஆபரேஷனுக்குக் கண்ணைச் சுற்றிப் போடும் ஊசியில் மரக்க வைக்கும் லிக்னோகைனோடு ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைச் சேர்ப்போம். அது நேரத்தை நீட்ட இல்லை. திசுவைத் தளர்த்தி மருந்தைப் பரவவிட. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஆபரேஷனுக்குப் பின் இரட்டைப் பார்வை என்று வந்தவர்கள் கூடினார்கள். பரவாமல் தேங்கிய மருந்து கண் தசையைப் பாதித்திருக்கும் என்று அங்கே எழுதினார்கள்.

ஹயலுரோனிடேஸுக்கும் ஒவ்வாமை உண்டு, அபூர்வம்தான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவருக்கு இரண்டாவது கண்ணுக்குப் போட்ட பிறகு இமை பொங்கிவிட்டது. கிருமித் தொற்றோ என்று பயந்தோம். ஒவ்வாமைக்கான மருந்தில் அடங்கியது. விசாரித்தால், முதல் கண்ணுக்கும் அரித்து லேசாக வீங்கியதாம். “கத்திபட்ட கண்ணு வீங்கத்தானய்யா செய்யும், இதப் போயி சொல்லுவாகளா?” என்றார்.