மாத்திரைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று டாக்டரிடம் சொன்ன நாள்

ஒன்பது வயதுக்காரனின் அம்மா:

பையனுக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், துறுதுறுவென்று இருக்கிற பிரச்சினை) என்று உறுதியானதும், பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிற மீத்தைல்ஃபெனிடேட் மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒரே ஒரு மாத்திரை. பலன் கண்கூடாகத் தெரிந்தது. கணக்கைப் பாதியில் விட்டு எழுந்து ஓடாமல், உட்கார்ந்து முடித்தான். ஆனால் மாதம் பிறந்தால் அதை வாங்குவதற்குள் மூச்சு முட்டும். இருபதாம் தேதிக்கு மேல் மிச்சமிருப்பதை எண்ண ஆரம்பித்துவிடுவேன். முதலில் சனி, ஞாயிறு கொடுக்காமல் விட்டேன். அப்புறம் பரீட்சை இல்லாத நாளிலும் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை பள்ளிக்கூடத்துக் குறிப்பைப் படித்த டாக்டர், "இந்த அளவு போதவில்லை போலிருக்கே" என்று 18 மில்லிகிராமை 27 ஆக்கினார். நான் கொடுக்காத மாத்திரைக்கு அளவு கூடியது, செலவும் கூடியது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதற்கடுத்த முறை உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான். 1944-இல் கண்டுபிடித்த மருந்து இது, காப்புரிமை என்றைக்கோ முடிந்துவிட்டது, மெதுவாக வெளிவிடுகிற நுட்பத்துக்குத்தான் கூடுதல் காசு என்று விளக்கினார். மூன்று, நான்கு மணி நேரம் தாங்குகிற சாதாரண ஜெனரிக் (காப்புரிமை முடிந்தபின் மற்ற கம்பெனிகள் செய்கிற அதே மருந்து) மாத்திரையாக, காலையும் மதியமும் என்று மாற்றிக் கொடுத்தார்.

சிரமம் இல்லாமல் இல்லை. மதிய மாத்திரையைப் பள்ளியில் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். சாயங்காலம் மருந்து இறங்கும் நேரத்தில் பிள்ளை சிணுங்குகிறான். ஆனாலும் மாதத்தின் கடைசி நாள் வரை மாத்திரை கையில் இருக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தாமதமாகத் தெரிந்தவன்:

அக்கா, எனக்கு ஏடிஎச்டி இருப்பது 34 வயதில்தான் தெரிந்தது. இன்ஷூரன்ஸில் நீண்ட நேர மாத்திரைக்குப் பணம் தர மறுத்தார்கள். முதலில் விலை குறைந்ததைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். நான் அதைச் சாப்பிட்டு, படபடப்பு தாங்காமல் விட்டவன். அந்த விவரம் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

மேல்முறையீட்டுப் படிவம் நான்கு பக்கம். மூன்று வாரம் மேசைமேல் கிடந்தது. ஒரே மூச்சில் அதை நிரப்ப முடிகிறவனாக இருந்தால் எனக்கு இந்த மருந்தே தேவைப்பட்டிருக்காது. கடைசியில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள், நான் எழுதினேன். எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி முதல் எதுவரை, ஏன் நிறுத்தினோம் என்று டாக்டர் ஒரு கடிதம் தந்தார். அதற்குப் பிறகுதான் அனுமதித்தார்கள். தேதியோடு இதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். உதவிக்கு ஆள் கூப்பிடக் கூச்சப்படாதீர்கள்.

மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள்:

நிறையப் பேர் கவுன்டரில் விலையைக் கேட்டுவிட்டு, பேசாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். மனசு கேட்காது. தயவுசெய்து எங்களிடம் கேளுங்கள். இரண்டு 18 மில்லிகிராம் மாத்திரைக்குப் பதில் ஒரு 36 எழுதினால் பெரும்பாலும் மலிவு. டாக்டர்தான் சீட்டை மாற்றித் தர வேண்டும். சில கம்பெனிகளே முடியாதவர்களுக்கு உதவித் திட்டம் வைத்திருக்கின்றன. ஏடிஎச்டிக்கான இன்னொரு மருந்தான லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைனுக்கு அமெரிக்காவில் 2023-இல் ஜெனரிக் வந்துவிட்டது. மற்ற இடங்களில் இருப்பவர்கள் அவ்வப்போது விசாரித்துக்கொண்டே இருங்கள்.

மிச்சம் பிடிக்க நினைத்து கான்சர்ட்டா (நீண்ட நேரம் வேலை செய்கிற மீத்தைல்ஃபெனிடேட்) மாதிரி மாத்திரையை மட்டும் உடைத்துவிடாதீர்கள். அதன் ஒரு முனையில் லேசரால் போட்ட நுண்ணிய துளை இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஏற ஏற, மருந்து அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படும். உடைத்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். காலிக் கூடு மலத்தில் அப்படியே வெளியே வரும். அதைப் பார்த்து மருந்து வீணாகிவிட்டது என்று பதறாதீர்கள். எல்லா ஜெனரிக்கிலும் இந்த அமைப்பு இருக்காது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-இல் இரண்டு ஜெனரிக்குகளை மூல மருந்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அறிவித்தது. கம்பெனி மாறியபின் பிள்ளையிடம் மாற்றம் தெரிந்தால் அது உங்கள் பிரமை என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வார இறுதியில் நிறுத்தி வைப்பதை டாக்டரே சொல்வதும் உண்டு அக்கா. அவருக்குத் தெரிந்து செய்வது வேறு. இணையத்தில் சீட்டில்லாமல் விற்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

அண்ணன்காரன்:

தம்பிக்கு ஏடிஎச்டிக்கு அட்டமாக்செடின் என்ற மருந்தின் ஜெனரிக் கொடுத்தார்கள். மீத்தைல்ஃபெனிடேட் போல மூளையைத் தூண்டுகிற வகை மருந்து இல்லை என்பதால் சீட்டு வாங்குவதில் கெடுபிடி குறைவு. ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், ஒரு நாளும் விடக்கூடாது. முதல் இரண்டு வாரம் குமட்டல் படுத்தியது. இப்போது பரவாயில்லை.

ஒன்பது வயதுக்காரனின் அம்மா:

அந்தக் கூட்டைப் பார்த்து நானும் பதறியிருக்கிறேன் தங்கச்சி. அட்டமாக்செடின் பற்றி அடுத்த வாரம் கேட்கிறேன். மதிய மாத்திரைக்குப் பள்ளியில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம், கொடுத்ததும் டீச்சர் கையெழுத்துப் போடுகிறார். இந்த வாரம் ஐந்து கையெழுத்தும் இருக்கிறது.