ரேடியேட்டருக்குத் தமிழ் – வெள்ளிக்குள் வேண்டும்

செவ்வந்தி:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். லோட்டஸ் செவன் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் பாணியில், இங்கிலாந்தில் உதிரியாக வாங்கி வீட்டு ஷெட்டிலேயே பூட்டுகிற கிட் கார். அதன் தாழ்ந்த மூக்குக்குள் வேறொரு காரின் ரேடியேட்டரை, அதாவது என்ஜின் நீரின் சூட்டை ஆற்றும் பாகத்தை, அடக்கும் அத்தியாயத்தில் நிற்கிறேன். அகராதி 'கதிர்வீசி' என்கிறது. போடலாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பட்டறைவாசி:
கதிர்வீசி என்றால் பையன்கள் எக்ஸ்ரே மெஷினைத் தேடுவார்கள். பொருளும் பொருந்தாது. சூடு பெரும்பாலும் கதிராகப் போவதில்லை. தகடுகளுக்கு இடையே ஓடும் காற்றுதான் வாங்கிக்கொண்டு போகிறது. ரேடியேட்டர் என்றே எழுதுங்கள்.

முதுபுலவன்:
ஆங்கிலப் பெயரே பிழை என்றால் அதை ஏன் கட்டி அழவேண்டும்? 'வெப்பந்தணிப்பி' என்போம். இகர விகுதி வினைமுதலையும் கருவியையும் சுட்டும். வள்ளுவர் சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்றார். தண், தணி, தண்ணீர் எல்லாம் ஓரினம். தணத்தல் என்றால் பிரிதல். 'தண்ணந் துறைவன் தணந்தமை நம்மினும் முன்னம் உணர்ந்த வளை' (குறள் 1277): தலைவன் பிரிந்ததை நமக்கு முன்பே வளை உணர்ந்ததாம். வெப்பம் நீரைத் தணக்கும் இடம் அது!

பட்டறைவாசி:
ஐயா, இங்கே நமக்கு முன்னம் உணர்வது வளை இல்லை, டெம்பரேச்சர் மீட்டர்.

நெய்தல்:
வெப்பந்தணிப்பி காய்ச்சல் மாத்திரை மாதிரி இருக்கிறது. 'குளிர்விப்பான்' எளிது.

செவ்வந்தி:
கூலன்டுக்கு, அதாவது ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்துக்கு, ஏற்கெனவே அதைத்தான் போட்டிருக்கிறேன். 'குளிர்விப்பானில் குளிர்விப்பானை ஊற்றவும்' என்று வரும். ஆன் விகுதி ஆண்பால் என்று அடுத்த மடல் வருமுன் ஒரு பத்தியைத் தருகிறேன், புலவர் ஐயாவின் சொல்லைத் 'தணிப்பி' என்று சுருக்கி வைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள்:

"பிளாஸ்டிக் தொட்டி உள்ள தணிப்பியை அப்படியே அறுத்துக் குறுக்க முடியாது. தொட்டியை அலுமினிய விளிம்பு மடித்துக் கவ்வியிருக்கும். அதை எடுத்துவிட்டு அலுமினியத் தொட்டியை வெல்டிங் செய்ய வேண்டும். பழைய செம்பு, பித்தளைத் தணிப்பி என்றால் ஈயப்பற்று போதும். தணிப்பியைச் சாய்த்து வைத்தால் உயரம் குறையும். ஆனால் மூக்கில் புகும் காற்று பக்கவாட்டில் தப்பாமல் தகடு வைத்து அடைக்கவும்."

நெய்தல்:
அட, நன்றாகத்தான் ஓடுகிறது. கிட் காருக்கு என்ன?

முதுபுலவன்:
கோக்கப்படுவது கோவை. 'கோவை மகிழுந்து'.

பட்டறைவாசி:
உக்கடத்தில் ஓடுகிற கார் என்று நினைத்துக்கொள்வார்கள்!

நெய்தல்:
இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரியாக வாங்கினால் இல்லை. பூட்டும் குறிப்பைச் சேர்த்துக் கொடுக்கவும் கூடாது. அதனால் லோட்டஸ்காரர்கள் கழற்றும் குறிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் கடைசியிலிருந்து படித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973-இல் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்ததோடு அந்தச் சலுகையும் போனது.

செவ்வந்தி:
சுவையான கதை, ஆனால் நாளை வெள்ளி. இன்னொன்று: ரேடியேட்டர் தாழ இருப்பதால் என்ஜினின் மேல்பகுதியில் காற்று தங்கிவிடும். அதற்காக எல்லாவற்றுக்கும் உயரத்தில் ஒரு தொட்டி வைத்து, அழுத்த மூடியை அதில் போடுகிறார்கள். 1 பார் மூடி என்றால் தண்ணீர் 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். இதற்குத் 'தலைத்தொட்டி' சரியா?

பட்டறைவாசி:
சரி. அதையாவது விடுங்கள்.

செவ்வந்தி:
தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ரேடியேட்டர் பக்கம்தான் கை அதிகம். முதல் இடத்தில் மட்டும் 'ரேடியேட்டர் எனும் வெப்பந்தணிப்பி', அப்புறம் ரேடியேட்டர். கிட் கார் கிட் காராகவே இருக்கட்டும். தலைத்தொட்டியை யாரும் மறுக்கவில்லை, போட்டுவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

முதுபுலவன்:
நான் மறுக்கிறேன். தலை என்றால் முதன்மையும் ஆகும். முதன்மைத் தொட்டி அதுவன்று. 'மேட்டுத்தொட்டி' என்க. விரிவாக நாளை எழுதுகிறேன்.