வெங்காய சமோசாவின் மெல்லிய ஓடு எங்கிருந்து வந்தது?

கேள்வி (குடியாத்தம்)

எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் மாலையில் கிடைக்கும் வெங்காய சமோசா, கடித்தவுடன் அப்பளம்போல நொறுங்கி இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. உருளைக்கிழங்கு சமோசாவோ தடித்த ஓட்டுடன் வேறொரு பண்டமாகவே தோன்றுகிறது. மக்கன் பேடாவைப் போல இதுவும் ஆற்காடு நவாபின் சமையலறையில் பிறந்தது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். அது சரியா? இந்த அடுக்கை வீட்டில் கொண்டுவருவது எப்படி?

பதில் 1 (வேலூர்)

மாமனாரிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். ஆற்காடு நவாபு ஆட்சி 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தோன்றியது. சமோசாவோ அதற்கு வெகு முன்பே தில்லியில் இருந்தது. பெயரே பாரசீகத்துச் சன்புசாவின் திரிபு. 14-ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் அவையிலிருந்த இப்னு பதூதா, கொத்திய இறைச்சியை வெங்காயம், பாதாம், பிஸ்தா, அக்ரூட், மசாலா ஆகியவற்றுடன் சமைத்து, மெல்லிய ரொட்டியில் பொதிந்து, நெய்யில் பொரித்துப் பரிமாறியதை எழுதிவைத்திருக்கிறார். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழியாகப் பின்னாளில் வந்தது. ஆகவே மெல்லிய ஓடும் வெங்காயமும் கொண்ட நம் ஊர்ச் சமோசாவே அந்த வருணனைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். குறைவது இறைச்சிதான், நோன்பு மாதத்தில் ஆம்பூர்ப் பக்கம் போனால் அதுவும் கைமா சமோசாவாகக் கிடைத்துவிடும்.

பதில் 2 (பேரணாம்பட்டு)

வரலாறு அவர் சொன்னதே. செய்முறையை நான் சொல்கிறேன். மைதாவை உப்பும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, சிறு வட்டங்களாகத் தேய்த்து, ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் தடவி மாவு தூவி, நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மீண்டும் மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். சூடான கல்லில் நிறம் மாறாமல் இரு பக்கமும் சில நொடிகள் வாட்டினால், சூடு ஆறுமுன் ஒவ்வொரு தாளாகப் பிரிந்து வரும். அவற்றைப் பட்டைகளாக நறுக்கி ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். பட்டையை முக்கோணமாக மடித்துக்கொண்டே போவதால் பூரணத்தைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று விழுகிறது. நீங்கள் கேட்ட அடுக்கு அதுதான். பாதி வெந்த தாளில் ஈரம் குறைவு என்பதால் ஓட்டில் கொப்புளம் அதிகம் வராது, சீக்கிரம் மொறுமொறுப்பும் ஏறும். விளிம்பை மைதாப் பசையால் ஒட்டி, மிதமான சூட்டில் பொரியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒருமுறை முயன்றபோது வெங்காயம் நீர் விட்டு, பொரிப்பதற்குள் தாளே கிழிந்துவிட்டது. அதற்கு என்ன செய்வது?

பதில் 2 (பேரணாம்பட்டு)

வெங்காயத்தை வதக்காதீர்கள். உப்பை மடிக்கும் நேரத்தில் மட்டும் சேர்த்து, ஒரு கைப்பிடி அவலைக் கலந்துவிடுங்கள். வெளியேறும் நீரை அது குடித்துவிடும்.