‘ரிலாக்ஸ்’ பாடலை உயர்த்தியது தடையா, தயாரிப்பா?

பாரிமுனை கேசட்:
லிவர்பூலைச் சேர்ந்த ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் ‘ரிலாக்ஸ்’ பற்றி நேற்று இங்கே பேச்சு எழுந்தது. அது நவீன ஒலிப்பதிவின் சாதனை என்று ராயபுரம் தம்பி எழுதியிருந்தார். பர்மா பஜாரில் வாங்கிய கேசட்டில் அந்தப் பாடலை முதலில் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1983 அக்டோபரில் வெளிவந்து வாரக்கணக்கில் பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலின் அடியில் கிடந்த பாடல் அது. 1984 ஜனவரி 11 அன்று பி.பி.சி. ரேடியோ 1 அறிவிப்பாளர் மைக் ரீட், அந்த இசைத்தட்டின் உறையும் வரிகளும் அருவருப்பானவை என்று ஒலிபரப்ப மறுத்தார். பி.பி.சி.யும் பாடலை விலக்கி வைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் அது முதலிடம் பிடித்து ஐந்து வாரம் அங்கேயே நின்றது. கேட்காதே என்று சொன்னால் கேட்டே தீருவது மனித இயல்பு. பாடலை வெளியிட்ட இசைத்தட்டு நிறுவனத்தில் விளம்பரப் பொறுப்பில் இருந்த பால் மோர்லி அதை நன்றாக அறிந்தவர். தடையை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒரே தாளமும் ஏறக்குறைய ஒரே சுரமும்தான்.

ராயபுரம் கீபோர்டு:
அண்ணன், தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்கள் வாதம் நிற்காது. ஜனவரி 5 அன்று அந்தக் குழு ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபோது பாடல் 35ஆம் இடத்தில் இருந்தது. அடுத்த பட்டியலில் 6ஆம் இடத்துக்குத் தாவியது. ஒரே வாரத்தில் 29 படிகள் ஏறிய அந்தப் பாய்ச்சல் மைக் ரீட் வாயைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதாவது, பி.பி.சி. தடுத்த பாடலைப் பி.பி.சி.யின் திரைதான் முதலில் மக்கள் முன் வைத்தது.

‘ஒரே தாளம்’ என்கிறீர்கள். மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரே தாளத்தை அப்படி நிற்க வைப்பதுதான் கடினம். தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன் முதலில் குழுவையே வாசிக்க வைத்தார், நிறைவு இல்லை. பிறகு பாடகர் இயன் டூரியின் பிளாக்ஹெட்ஸ் குழுக் கலைஞர்களை அழைத்துப் பதிவு செய்தார், அதையும் ஒதுக்கினார். கடைசியில் ஃபேர்லைட் இயந்திரத்துடன் ஜே.ஜே. ஜெக்ஸாலிக், கீபோர்டுடன் ஆண்டி ரிச்சர்ட்ஸ், கிதாருடன் ஸ்டீவ் லிப்சன் ஆகியோரை வைத்து அடியிலிருந்து மீண்டும் கட்டினார். ஃபேர்லைட் என்பது எந்த ஒலியையும் எண்களாகப் பதிந்துகொண்டு, அதைக் கட்டைகளில் சுரமாக வாசிக்கத் தரும் ஆஸ்திரேலியக் கருவி. அன்று அது ஒரு வீட்டின் விலை.

நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாஸ் டிரம் ஒரு தாள வட்டத்துக்கு நான்கு அடி என்று இம்மியும் பிசகாமல் விழுகிறது. பாஸ் என்னும் கீழ்ச்சுர ஒலி அதனோடு ஒட்டிக்கொண்டு அடிச்சுரத்தை விட்டு அதிகம் நகராமல் துடிக்கிறது. மேலே சிந்தசைசர் சுரங்கள் அலையாக எழுந்து அடங்குகின்றன. கீழே எதுவும் நகராததால்தான் குழுவின் பாடகர் ஹாலி ஜான்சனின் குரல் சிறிது உயர்ந்தாலும் கேட்பவர் உடல் சிலிர்க்கிறது. இதை விளம்பரத்தால் செய்ய முடியாது.

பாரிமுனை கேசட்:
தம்பி, 35இலிருந்து 6 வரை தொலைக்காட்சி கொண்டுபோனது. அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. முதலிடத்துப் பாடலைக் காட்ட வேண்டிய நேரத்தில் அதே ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ குழுவின் புகைப்படத்தை மட்டும் காட்டிவிட்டு வேறொருவரின் பாடலைப் போட்டது. நாடே பார்க்கும் நிகழ்ச்சியில் வாராவாரம் இப்படி ஓர் இடைவெளி விழுந்தால், அதைவிடப் பெரிய விளம்பரம் ஏது? நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. ஒரே பாடலை வெவ்வேறு ஒலிக்கலவைகளில் பன்னிரண்டு அங்குலத் தட்டுகளாக வெளியிட்டு, வாங்கியவர்களையே திரும்ப வாங்க வைத்தது. குழுவினரோ, பாடல் ஊக்கத்தைப் பற்றியது என்று தொடக்கத்தில் சொல்லித் திரிந்து, அது காமத்தைப் பற்றியதுதான் என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். நேர்மையான கலை என்றால் முதல் நாளே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

புளியந்தோப்பு கானா:
அந்தக் கடைசி வரிக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹாலி ஜான்சனும் குழுவின் இன்னொரு பாடகர் பால் ரதர்ஃபோர்டும் தம் தன்பாலீர்ப்பை மறைக்காமல் மேடையேறியவர்கள். 1967இல்தான் இங்கிலாந்தில் அது குற்றமல்ல என்று சட்டம் தளர்ந்தது. நம் நாட்டில் அதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் வானொலியில் இடம் பெறுவதற்காக வரிகளின் பொருளைச் சற்று மூடிப் பேசியதை நேர்மைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண் பெண் ஆசையை இதே அளவு வெளிப்படையாகப் பாடியவை தடையின்றி ஒலித்துக்கொண்டுதான் இருந்தன.

எனக்கு உறுத்துவது வேறு. ராயபுரம் நண்பர் பெருமையோடு விவரித்த தயாரிப்பில் குழுவின் கலைஞர்கள் எங்கே இருக்கிறார்கள்? பாடலை உருவாக்கியவர்கள் அவர்கள். ஆனால் இறுதிப் பதிவில் ஜான்சனின் குரலைத் தவிர அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது, நீச்சல்குளத்தில் அவர்கள் குதித்த சத்தத்தைப் பதிந்த துணுக்கு போன்றவைதான். நம் பக்கத்தில் இது இன்றும் நடக்கிறது. டோலக்கும் சட்டியும் வாசிக்கும் கலைஞரை ஸ்டுடியோவுக்கு அழைத்து ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்கிறார்கள். அதிலிருந்து இரண்டு தாள வட்டங்களை வெட்டி லூப்பாக்கிப் பாட்டு முழுக்க ஓட்டுகிறார்கள். அடுத்த பாட்டுக்கும் அதே லூப்தான். அவருக்கு அழைப்பு இல்லை. யூடியூப்பில் வரும் பெயர்ப் பட்டியலில் ‘இசை’ என்ற சொல்லுக்கு நேராகக் கணினியில் அமர்ந்தவரின் பெயர் மட்டுமே இருக்கிறது.

ராயபுரம் கீபோர்டு:
தோழர், லூப் வெட்டுவதைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் வலிக்கிற உண்மை. ஆனால் ஹார்ன் செய்தது அதுவல்ல. பாடலை எழுதியவர்கள் என்று குழுவினரின் பெயர்களே இருந்தன. அவர் மாற்றியது ஒலியை. அந்தப் பாட்டு 1983 தொடக்கத்தில் தொலைக்காட்சியில் குழுவே வாசித்து ஒளிபரப்பானபோது, மேடையில் ஆவேசமாக இருந்தாலும் இறுதிப் பதிவில் இருக்கும் பிரம்மாண்டம் அதில் இல்லை. ஒரு தயாரிப்பாளர் மூன்று முறை கலைத்துக் கட்டியதன் பலனை நாம் கேட்கிறோம். அந்த உழைப்பையும் பெயர் சொல்லித்தான் பாராட்ட வேண்டும்.

புளியந்தோப்பு கானா:
எழுதியவர்களாகப் பெயர் இருந்தது, நிறுவனத்துடன் ஒப்பந்தம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜான்சன் குழுவை விட்டு விலகியபோது அவரை வேறிடத்தில் பாடவிடாமல் கட்டிவைக்க நிறுவனம் நீதிமன்றம் போனது. அந்த ஒப்பந்தம் நியாயமற்ற தொழில் கட்டுப்பாடு என்று 1988இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் ஜான்சனே வென்றார். எப்படிப் பதிவு செய்வது, எவ்வளவு செலவு செய்வது என்ற முடிவுகளெல்லாம் நிறுவனத்தின் கையில், செலவோ கலைஞர்களின் கணக்கில். மூன்று முறை கலைத்துக் கட்டிய ஸ்டுடியோ நேரத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டால் தயாரிப்பின் அழகு வேறு மாதிரித் தெரியும்.

பாரிமுனை கேசட்:
புளியந்தோப்பு நண்பரின் கேள்வி என் வாதத்தைவிடப் பெரியது என்பதால் அதை இங்கே தொடரலாம். தடை பற்றிய என் கருத்து மாறவில்லை: ஆறாம் இடம் ஒலியின் வெற்றி, அந்த ஐந்து வாரங்கள் தடையின் வெற்றி.

ராயபுரம் கீபோர்டு:
அப்படியென்றால் ஜூலையை எப்படி விளக்குவீர்கள், அண்ணன்? அதே குழுவின் ‘டூ டிரைப்ஸ்’ முதலிடத்தில் இருந்தபோது ‘ரிலாக்ஸ்’ மீண்டும் ஏறி இரண்டாம் இடம் பிடித்தது. ஜனவரிப் பரபரப்பு அடங்கி ஆறு மாதம் ஆன பிறகு, ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருந்த தட்டைப் புதிதாக வாங்க வந்தவர்கள் அந்த ஒலிக்காகத்தான் வந்தார்கள்.