வரிச்சுமை உண்மையில் யார் தலையில்?

கணக்குப்புலி:
"பணக்காரன் வரியே கட்டுவதில்லை" என்று எங்கே போனாலும் ஒரே புலம்பல். அமெரிக்காவின் மத்திய வருமான வரிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் மேலே இருக்கும் 1 சதவீதம் பேர் மொத்த வரியில் சுமார் 40 சதவீதம் கட்டினார்கள். கணக்குத் தாக்கல் செய்தவர்களில் கீழ்ப்பாதி மொத்தமும் சேர்ந்து கட்டியது ஏறக்குறைய 3 சதவீதம். இன்னும் எவ்வளவு கறப்பது? என்னைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே விகிதம் போதும். எஸ்தோனியா 1994-இல் 26 சதவீதம் என்று ஒரே கோடாகப் போட்டது. நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

கடைசிபெஞ்ச்:
கணக்குப்புலி சார், பாதிக் கணக்கை மட்டும் காட்டுகிறீர்களே. அந்த 1 சதவீதம் பேர் கையில் சேர்ந்த வருமானம் எவ்வளவு? அதே ஆண்டில் மொத்தத்தில் 22 சதவீதம். அப்புறம், வருமான வரி மட்டும்தான் வரியா? அதே அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புக்கென்று சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடிக்கிறார்கள். முதல் டாலரிலிருந்தே பிடித்தம், ஆனால் ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்கு மேல் பைசா கிடையாது. கீழே இருப்பவருக்கு முழுச் சம்பளத்திலும் பிடிப்பு, மேலே இருப்பவருக்கு ஒரு துண்டில் மட்டும்.

பொருள்களின் மீதான வரி இன்னும் மோசம். விலைக்கு மேல் 20 சதவீத வரி என்று வையுங்கள். கையில் வரும் 100-ஐயும் செலவழித்தே தீரவேண்டியவர் அதில் 16.7-ஐ வரியாகக் கொடுக்கிறார். 20-ஐச் செலவழித்துவிட்டு 80-ஐச் சேமிப்பவர் கொடுப்பது 3.3. சட்டத்தில் ஒரே விகிதம்தான், வருமானத்தோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு வித்தியாசம்.

கணக்குப்புலி:
சேமித்த 80-ஐ என்றைக்காவது ஒருநாள் செலவழித்துத்தானே ஆகவேண்டும்? அன்றைக்கு வரி விழும். ஒரு வருடத்தைப் பார்க்காமல் ஆயுள் முழுவதையும் பாருங்கள்.

வரி எங்கிருந்து வருகிறது என்றே பேசுகிறீர்கள், எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. டென்மார்க்கில் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் 25 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி. 1992-இலிருந்து அதே விகிதம். உங்கள் கணக்குப்படி ஏழைகளைக் கசக்கிப் பிழியும் நாடு அது. ஆனால் உலகத்திலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் ஒன்று. காரணம், அந்தப் பணம் மருத்துவமாகவும் படிப்பாகவும் ஓய்வூதியமாகவும் திரும்பி வருகிறது.

வழிப்போக்கன்:
இவ்வளவு சண்டை எதற்கு? அத்தியாவசியப் பொருள்களுக்கு வரியை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

நடுவில்_ஒருவன்:
தீராது வழிப்போக்கன். அத்தியாவசியப் பொருளைப் பணக்காரரும்தானே வாங்குகிறார், அதுவும் விலை உயர்ந்த ரகமாக. ரூபாயோ டாலரோ, தொகையாகப் பார்த்தால் அந்தச் சலுகையில் அதிக லாபம் அவருக்குத்தான். கனடா 1991-இல் பொருள் சேவை வரி கொண்டுவந்தபோது வேறு வழியும் வைத்தது: குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் காலாண்டுக்கு ஒரு தொகையைத் திருப்பிக் கொடுப்பது. சலுகை வேண்டியவர் கைக்கே நேராகப் போகிறது.

இன்னொன்று. வரி யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து யார் சுமக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. வீட்டுவரி ரசீது உரிமையாளர் பெயரில்தான் வரும். அதில் எவ்வளவு வாடகையில் ஏறியது என்று குடியிருப்பவரைக் கேளுங்கள்.

கடைசிபெஞ்ச்:
டென்மார்க்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வருமான வரியும் கடுமை என்பதை மறந்துவிட்டீர்கள். வெறும் 25 சதவீதப் பொருள் வரியால் மட்டும் வந்த சமத்துவம் இல்லை அது.

"என்றைக்காவது செலவழிப்பார்" என்றீர்களே, பெரும் பணக்காரர் விஷயத்தில் அந்த என்றைக்காவது வருவதே இல்லை. அவர் பணம் சம்பளமாக வருவதில்லை, பங்கு விலை ஏற்றமாக வருகிறது. விற்கும்வரை வரி இல்லை. செலவுக்குப் பணம் வேண்டுமா, பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறார். கடன் வருமானம் ஆகாது, ஆக வருமான வரியும் இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் அவர் இறந்ததும் வாரிசுக்குப் பங்கின் கொள்முதல் விலை அன்றைய சந்தை விலையாக மாறிவிடும். அதுவரை ஏறிய ஆதாயத்துக்கு வருமான வரி கேட்க ஆளே இல்லை.

அமெரிக்காவின் பெரும் பணக்கார முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2011-இல் தானே எழுதினார்: தன் வருமானத்தில் வரியாகப் போனது 17.4 சதவீதம், தன் அலுவலகத்தில் இருக்கும் மற்ற 20 பேருக்கும் சராசரி 36 சதவீதம்.

கணக்குப்புலி:
சரி, என்ன செய்யலாம் என்கிறீர்கள்? சொத்து வரியா? வீட்டுவரியைச் சொல்லவில்லை, கடன் போக ஒருவரிடம் மிஞ்சும் மொத்தச் சொத்தின் மீது வருடாவருடம் போடும் வரி. பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பில் 1990-இல் 12 நாடுகளில் நிகரச் சொத்து வரி இருந்தது. 2017-இல் மிஞ்சியது 4. சுவீடனே 2007-இல் கைகழுவியது. பிரான்ஸ் 2018-இல் அசையாச் சொத்தோடு நிறுத்திக்கொண்டது. நார்வே விகிதத்தை ஏற்றியதும் பணக்காரர்கள் வரிசையாகச் சுவிட்சர்லாந்துக்கு மூட்டை கட்டினார்கள்.

அமெரிக்கா 1991-இல் உல்லாசப் படகுகளுக்கு 10 சதவீத வரி போட்டது. பணக்காரர் படகு வாங்குவதை நிறுத்தினார், வேலை போனது படகு கட்டும் தொழிலாளிக்கு. 1993-இல் வரியைத் தூக்கிவிட்டார்கள்.

கடைசிபெஞ்ச்:
மூட்டை கட்டிப் போன சுவிட்சர்லாந்திலும் சொத்து வரி இருக்கிறது, தெரியுமா? ஒவ்வொரு மாநிலமும் வசூலிக்கிறது.

கணக்குப்புலி:
தெரியும். விகிதம் குறைவு. தவிர, தனிநபர் பங்கு விற்று வரும் ஆதாயத்துக்கு அங்கே பொதுவாக வரி இல்லை. ஒன்றைப் பிடித்தால் ஒன்றை விடுகிறார்கள். நீங்கள் இரண்டையும் பிடிக்கச் சொல்கிறீர்கள்.

கடைசிபெஞ்ச்:
இல்லை, ஒன்று போதும். எல்லாருக்கும் ஒரே விகிதம் என்றுதானே ஆரம்பித்தீர்கள்? பங்கு ஆதாயத்துக்கும் சம்பளத்துக்கு உள்ள அதே விகிதம். சம்மதமா?

கணக்குப்புலி:
பணவீக்கத்தைக் கழித்துவிட்டு, விற்கும்போது என்றால் சம்மதம். காகிதத்தில் ஏறிய விலைக்கு வரி கேட்டால் அடுத்த வருடம் இறங்கும்போது திருப்பித் தருவீர்களா?

கடைசிபெஞ்ச்:
விற்காமலே செத்துப்போனால்?

கணக்குப்புலி:
வாரிசு விற்கும்போது பழைய கொள்முதல் விலையிலிருந்தே கணக்குப் போடட்டும். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

நடுவில்_ஒருவன்:
கனடாவில் அதுவரைகூடக் காத்திருப்பதில்லை. 1972-இலிருந்து, இறந்த அன்றே சொத்தைச் சந்தை விலைக்கு விற்றதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆதாயத்துக்கு வரி போடுகிறார்கள். வாழ்க்கைத் துணைக்குப் போனால் மட்டும் தள்ளிவைக்கலாம்.

கணக்குப்புலி:
அங்கேதான் இடிக்கிறது. சொத்து முழுக்க ஒரு தொழிற்சாலையாக இருந்தால், வரி கட்டுவதற்காகவே அதை விற்கச் சொல்வீர்களா?

கடைசிபெஞ்ச்:
தவணை கொடுங்கள், பத்து வருடத்தில் கட்டட்டும். வீட்டுக்கடனைச் சம்பளக்காரர் அப்படித்தானே அடைக்கிறார்?

வழிப்போக்கன்:
தவணைக்கு வட்டி உண்டா?

கடைசிபெஞ்ச்:
உண்டு.

கணக்குப்புலி:
எத்தனை சதவீதம்? அதைச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.