ஒவ்வொரு பரிசும் வரம்புக்குள்தான், ஆனால் மொத்தம் 130. இடையில் போன 32 எங்கே?

பட்டியல்14 (கேள்வி):

விடுமுறைக்காலப் பரிசு 14 பேருக்கு. மொத்த வரம்பை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு 7 வீதம் 98. பட்டியலில் இருந்த பரிசு ஒன்றுகூட 7-ஐத் தாண்டவில்லை. ஆனால் ரசீதுகளையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் கூட்டினால் 130 வருகிறது. விலை கூடிய பொருள் எதுவும் இல்லை, எல்லாம் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று போனவை. இவற்றை எப்படி வகை பிரிப்பது? அடுத்த முறை எந்த இடத்தில் பிடிப்பது? "பட்டியலில் இல்லாததை வாங்காதீர்கள்" என்பது மட்டும் போதாது. செல்லோ டேப்பும் பேட்டரியும் பட்டியலில் இல்லைதான், ஆனால் அவை இல்லாமல் பரிசைக் கொடுக்க முடியாதே.

துண்டுச்சீட்டு:

7-க்கு ஒன்றை எடுத்த கையோடு 2-க்கு இன்னொன்றைச் சேர்ப்பது அந்த நிமிடத்தில் பெரிதாகத் தெரியாது. அதையே 14 பேருக்கும் செய்தால் 28. நான்கு பேருக்கான முழுப் பரிசுத் தொகை அது.

அது ஏன் சிறியதாகத் தெரிகிறது என்பதற்கு உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1981-இல் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல விளக்கம். 15 டாலர் கால்குலேட்டர் இன்னொரு கிளையில் 5 டாலர் குறைவு, 20 நிமிடம் வண்டியில் போக வேண்டும் என்றபோது 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். அதே 5 டாலர் மிச்சம் 125 டாலர் பொருளில் என்றபோது 29 சதவீதம் பேர்தான். தொகை ஒன்றுதான், பக்கத்தில் நிற்கும் விலைதான் வேறு. பரிசு வாங்கப் போகும்போது கையில் எப்போதும் ஒரு பெரிய விலை இருப்பதால் சில்லறை கண்ணுக்குப் படுவதில்லை.

முதல் வேலை: பழைய ரசீதுகளை எடுத்து, பட்டியலில் இருந்த வரிகளை அடித்துவிடுங்கள். மீதி வரி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து. பரிசைக் கொடுக்க அவசியமாக இருந்தால் 'தே', ஏற்கெனவே பரிசு உள்ளவருக்கே கூடுதலாக எடுத்ததென்றால் 'கூ', உங்களுக்கே எடுத்துக்கொண்டது 'எ', யாருக்கென்று தெரியாமல் எடுத்தது 'யா'. ஆன்லைன் ஆர்டரில் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், உள்ளே ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். டெலிவரிக் கட்டணம், பரிசாகக் கட்டித் தரும் கட்டணம் இரண்டும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நான்கையும் தனித்தனியே கூட்டினால்தான் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரியும். 'தே' அதிகமென்றால் அது திட்டத்தில் விட்டுப்போன செலவு. மற்ற மூன்றும்தான் உண்மையில் திடீர்ச் செலவு.

தராசு:

துண்டுச்சீட்டு சொன்ன பிரிவு சரி. அதோடு எந்தத் தூண்டுதலால் வாங்கினீர்கள் என்பதையும் குறித்தால் மருந்து சரியாக அமையும். ஹாக்கின்ஸ் ஸ்டெர்ன் என்பவர் 1962-இல் சந்தைப்படுத்தல் பற்றிய கட்டுரை ஒன்றில் திடீர்க் கொள்முதலை நான்காகப் பிரித்தார்: சும்மா தோன்றி வாங்குவது, பார்த்ததும் தேவை நினைவுக்கு வந்து வாங்குவது, பார்த்த பிறகுதான் தேவையே முளைப்பது, சலுகை இருந்தால் எதையாவது எடுக்கலாம் என்ற எண்ணத்தோடேயே போவது. பேட்டரி இரண்டாவது வகை. அதற்குச் சுயகட்டுப்பாடு தேவையில்லை, வீட்டிலுள்ள கையிருப்பைப் பார்த்துவிட்டுப் போனால் போதும். பில் போடும் இடத்துத் தட்டில் இருப்பவை பெரும்பாலும் மூன்றாவது வகை. வரிசையில் சும்மா நிற்கும் நேரத்துக்காகவே அங்கே வைக்கப்படுபவை அவை. அங்கிருந்து எதை எடுத்தாலும் 14 பேரில் யாருக்கு என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் வராவிட்டால் திரும்ப வைத்துவிடுங்கள்.

நான்காவது வகைதான் பணத்தை அதிகம் தின்கிறது, அங்கே கணக்குப் போட்டே ஆக வேண்டும். கூடையில் 82 இருக்கிறது, 100 ஆனால் டெலிவரி இலவசம், இல்லையென்றால் 6 என்கிறார்கள். 6-ஐ மிச்சம்பிடிக்க 18-க்குப் பொருள் சேர்த்தால் கையிலிருந்து 12 கூடுதலாகப் போகிறது. அந்த 18 எப்படியும் பட்டியலில் வாங்க வேண்டிய பொருளாக இருந்தால் மட்டுமே லாபம். அதனால் ஆர்டரைப் பிரிக்காமல் மூன்று நான்கு பேருக்கானதை ஒரே கூடையில் போடுங்கள், வரம்பு தானாகவே எட்டும். 'இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்' என்பதும் அப்படியே. மூன்று பேருக்குத் தேவையென்றால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஒருவருக்குத்தான் தேவையென்றால் செலவு இரட்டிப்பு, வீட்டில் இரண்டு உபரி. அதில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாலும் பெரும்பாலும் சலுகையைப் பங்கிட்டுக் கழித்துத்தான் பணம் தருவார்கள், முழு விலை திரும்பாது.

கணக்குநோட்டு:

இருவரும் வாங்கும் இடத்தையே பார்க்கிறீர்கள். ஓட்டை அதற்கு முன்பே, ஆளுக்கு 7 என்று எழுதும்போதே விழுந்துவிட்டது. அந்த 7 பொருளின் விலையாக இருக்கக் கூடாது. பரிசு அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை ஆகும் மொத்தமாக இருக்க வேண்டும். உறை, வாழ்த்து அட்டை, பேட்டரி, கூரியர் எல்லாம் அதற்குள் அடக்கம். பட்டியலில் பெயருக்கு எதிரே ஒரே தொகை எழுதாமல் பொருள், உறை, உள்ளே போட வேண்டியது, அனுப்பும் செலவு என்று நான்கு கட்டம் போடுங்கள். அனுப்ப 2 ஆகும் என்றால் மற்ற மூன்று கட்டத்துக்கும் சேர்த்து 5-தான் இருக்கிறது. கடைக்குப் போகும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

உறைத்தாளை அளந்து வாங்குங்கள். 30×20×10 செ.மீ. பெட்டியைச் சுற்ற 2×(20+10)=60, மடிப்புக்கு 3, ஆக 63 செ.மீ. நீளவாட்டில் 30-உடன் இரு பக்கமும் உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது 7½ வீதம் சேர்த்தால் 45 செ.மீ. சுருள் 70 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம் என்றால், 63-ஐ அகலத்தில் வைத்து 45 வீதம் வெட்டினால் நான்கு பெட்டி. திருப்பி வைத்து 63 வீதம் வெட்டினால் மூன்றுதான், பக்கத்தில் 25 செ.மீ. துண்டும் வீண். கடைசி நாளில் இன்னொரு சுருளுக்கு ஓட வைப்பது இந்தத் தவறுதான். அந்த ஓட்டத்தில் வேறு இரண்டு பொருளும் சேர்ந்தே வரும்!

கூரியரில் எடையை மட்டும் பார்க்காதீர்கள். விமான கூரியரில் நீளம்×அகலம்×உயரம் (செ.மீ.) ÷ 5000 என்ற கனஅளவு எடையைக் கணக்கிட்டு, நிஜ எடையோடு ஒப்பிட்டு எது அதிகமோ அதற்கே கட்டணம் போடுவது பரவலான வழக்கம். 2 கிலோ பொம்மையை 40×30×30 பெட்டியில் வைத்தால் 7.2 கிலோவுக்குக் கட்ட வேண்டிவரும். அதுவே 35×25×20 பெட்டியில் அடங்கினால் 3.5 கிலோ. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் போட்டுப் பாருங்கள்.

பட்டியல்14:

எழுத்துப் போட்டுப் பார்த்தேன். 'தே' 11, 'கூ' 12, 'எ' 3, 'யா' 6. 'தே' புரிந்துவிட்டது. 'கூ' பெரும்பாலும் குழந்தைகள் பக்கம்: ஒருவருக்குப் பெரிய பெட்டி, இன்னொருவருக்குச் சின்னது, அதைச் சமன் செய்ய எடுத்தவை. 'யா' என்பது எதிர்பாராமல் யாராவது பரிசோடு வந்தால் கொடுக்க வைத்தது. இந்த இரண்டையும் முழுதாக வெட்ட மனமில்லை.

துண்டுச்சீட்டு:

வெட்ட வேண்டாம், அளவு கட்டுங்கள். சமன் செய்வதில் ஒரு பொறி இருக்கிறது. சின்னப் பெட்டிக்காரருக்கு ஒன்று சேர்த்ததும் எண்ணிக்கை அவர் பக்கம் கூடிவிடும், பிறகு மற்றவருக்கும் ஒன்று. அப்படியே ஏறிக்கொண்டு போகும். விலையில் சமமா, எண்ணிக்கையில் சமமா என்பதை வாங்கும் முன்பே முடிவுசெய்து அதிலிருந்து மாறாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு விலை தெரியாது, எண்ணத்தான் தெரியும், ஆகவே எண்ணிக்கை. பெட்டி சின்னதாகத் தெரிவதுதான் சிக்கல் என்றால் இன்னொரு பொருள் எதற்கு? பெரிய பெட்டியில் காகிதம் திணித்து வைத்தாலே போதும்.

தராசு:

உபரிப் பரிசு இரண்டு போதும். கெட்டுப்போகாத, அளவு பார்க்க வேண்டாத, யாருக்கும் பொருந்துகிற பொருளாக இருக்கட்டும். பட்டியலில் 15, 16 என்று வரிசை எண் கொடுத்து அவற்றையும் வரம்புக்குள் கொண்டுவாருங்கள். 100-ஐ 16-ஆல் வகுத்தால் ஆளுக்கு 6¼, அதுதான் உங்கள் புதிய வரம்பு. கட்டிய பிறகு வெளியே சிறு சீட்டில் உள்ளே என்ன என்று எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை மறந்துபோய் மறுபடி இரண்டு வாங்குவீர்கள். 'எ' 3-ஐப் பரிசுக் கணக்கிலிருந்தே எடுத்து உங்கள் சொந்தச் செலவில் எழுதுங்கள்.

கணக்குநோட்டு:

ஒன்று விட்டுப்போனது. பொம்மைப் பெட்டியில் 'பேட்டரி சேர்க்கப்படவில்லை' என்ற வரியைத் தேடும்போது அளவையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். டபுள் ஏ-யும் ட்ரிபிள் ஏ-யும் மாறினால் மறுபடி கடைக்குப் போக வேண்டும். மூடி திருகாணி போட்டிருந்தால் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் வேண்டும். அது வீட்டில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.