300 வாட் அவர் பவர் ஸ்டேஷன்: லேப்டாப் இரண்டரை முறைதான் ஏறுகிறது, பழுதா?

படிமக்காரன்:
வணக்கம். கல்வெட்டுகளைப் படமெடுக்க ஊர் ஊராகப் போகும் சிறு குழு நாங்கள். பல கோயில்களில் பிளக் பாயிண்ட் இருக்காது. இருந்தால் அதற்குப் பூட்டும் இருக்கும். அதனால் 300 வாட் அவர் மின்சாரம் கொள்ளும் பவர் ஸ்டேஷன் (தூக்கிப் போகும் பேட்டரிப் பெட்டி) ஒன்று வாங்கினோம், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. என் லேப்டாப் பேட்டரி 60 வாட் அவர். ஐந்து முறை ஏற வேண்டாமா? இரண்டரை முறையிலேயே பெட்டி காலியாகிவிடுகிறது. இன்னொரு தொல்லை: இரவில் கேமரா பேட்டரிகளைச் சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்தால், நடுவில் பெட்டியின் ஏசி சாக்கெட் தானாக அணைந்துவிடுகிறது. பெட்டியில் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே இப்படி. உத்தரவாதம் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

வயர்மேன்:
அவசரப்பட வேண்டாம் தம்பி. லேப்டாப்பை எதில் செருகுகிறீர்கள்? ஏசி பொத்தான் எவ்வளவு நேரம் போட்டபடி இருக்கும்?

படிமக்காரன்:
லேப்டாப்போடு வந்த அடாப்டரை ஏசி சாக்கெட்டில்தான் செருகுகிறேன், ஐயா. பொத்தானைக் காலையில் போட்டால் மாலையில்தான் அணைப்போம்.

வயர்மேன்:
பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே பேட்டரியில் இருப்பது டிசி (நேர் மின்சாரம்). அதை இன்வெர்ட்டர் 230 வோல்ட் ஏசியாக மாற்றுகிறது. உங்கள் அடாப்டர் அதை மறுபடியும் 20 வோல்ட் டிசியாக இறக்குகிறது. முதல் மாற்றத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து போகும், அடுத்ததில் இன்னொரு பத்து. ஆக 300இல் லேப்டாப்பை எட்டக்கூடியது 235 அளவில்தான். இதைவிடப் பெரிய செலவு வேறு: எதையும் செருகாவிட்டாலும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்க மின்சாரம் வேண்டும். இந்த அளவுப் பெட்டிகளில் 5 முதல் 10 வாட் சாதாரணம். எட்டு என்றே வையுங்கள், பத்து மணி நேரத்தில் 80 கரைந்துவிடும். மிஞ்சுவது 150, 160. உங்கள் இரண்டரை முறை அதில் அடங்கிவிடுகிறது.

லேப்டாப் யூஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஏற்கும் வகையென்றால் பெட்டியின் யூஎஸ்பி-சி துளையிலேயே நேராகச் செருகுங்கள், ஏசி பொத்தானைத் தொடவே வேண்டாம். கேபிளைக் கவனியுங்கள்: சாதாரண கேபிள் 60 வாட் வரைதான் கடத்தும், அதற்கு மேல் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

இரவில் அணைவது ஈகோ மோடின் (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் செட்டிங்) வேலை. பேட்டரி நிறைய நிறையச் சார்ஜர் இழுப்பது குறையும். சில வாட்டுக்குக் கீழே இறங்கியதும் ஒன்றும் செருகவில்லை என்று எண்ணிப் பெட்டி ஏசியை நிறுத்திவிடும். செட்டிங்கில் அதை அணைத்துப் பாருங்கள்.

ரயில்பயணி:
இடையில் ஒரு வார்த்தை. இதை விமானத்தில் கொண்டுபோகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 100 வாட் அவர் வரை கைப்பையில் தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. அட்டைப்பெட்டியில் 80,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர்) என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு விற்பவர்களும் உண்டு. சாதாரண லித்தியம் அயான் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 296 வாட் அவர். எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர அந்த எம்ஏஎச்சுக்கு வேறு வேலையில்லை.

படிமக்காரன்:
யூஎஸ்பி-சியில் போட்டதும் நான்கு முறை முழுதாக ஏறியது! ஈகோ மோடை அணைத்தபின் கேமரா பேட்டரிகளும் நிறைந்துவிட்டன. மிக்க நன்றி ஐயா. மடக்குகிற 100 வாட் சோலார் பேனல் ஒன்று வாங்கினால் பகலிலேயே ஏற்றிக்கொள்ளலாமா?

வயர்மேன்:
ஏற்றலாம். நல்ல வெயிலில் 70 வாட் வந்தால் திருப்தி அடையுங்கள்; தூண் நிழல் ஒரு பட்டை விழுந்தாலும் பாதிக்கு மேல் விழுந்துவிடும். வாங்கும் முன் பேனலின் திறந்த சுற்று வோல்ட் (எதிலும் இணைக்காதபோது அது தரும் வோல்ட்) எவ்வளவு என்று பாருங்கள். பெட்டியின் உள்ளீட்டில் குறித்திருக்கும் உச்ச வோல்ட்டை அது தாண்டக் கூடாது, தாண்டினால் சார்ஜ் கட்டுப்பாட்டுச் சர்க்யூட் போய்விடும். பேனல் வெயிலில் கிடக்கட்டும், பெட்டி மண்டபத்துக்குள் இருக்கட்டும். சூடேறினால் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திக்கொள்ளும். கேபிள் நீளம் போதாது, நீட்டிப்புக் கேபிளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.